சிங்கப்பூர்த் தோட்டப் பாத்தியில் சிறகவரை: விதை கீறுவது முதல் விதை எடுப்பது வரை

சிறகவரை, அதாவது நான்கு ஓரத்திலும் சிறகுபோல் விளிம்புள்ள காய் தரும் அவரைக் கொடி, போட்டு மூன்று மாதம் ஆன பிறகு, “அக்கா, கொடி காடு மாதிரி வளர்ந்திருக்கு, ஒரு பூகூட வரலையே” என்று கேட்பவர்கள் எங்கள் சமூகத் தோட்டத்தில் அதிகம். போய்ப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் விதைப்பதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். பாத்தியின் இடம் சரியில்லை, அல்லது உரம் கூடிப்போயிற்று, அல்லது விதையே இந்த ஊருக்கு ஒத்துவராத ரகம். அதனால்தான் இந்த வழிகாட்டியில் ஏறக்குறைய பாதி, விதை மண்ணுக்குள் போவதற்கு முந்திய வேலைகளைப் பற்றியது. அந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

புரதம் நிறைந்த பயறு ஒன்றை வீட்டுத் தேவைக்குப் பயிரிட வேண்டும் என்று வருபவர்களில் சிலர் வெள்ளை லூபினைப் பற்றிக் கேட்கிறார்கள். அது குளிர்ச்சியான பருவத்தில் வளர்கிற பயிர். நம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அதற்காக நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். முற்றிய சிறகவரை விதையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம். அது போக இளங்காய், தளிர், பூ எல்லாமே சாப்பிடலாம். ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணுக்குப் பிறந்த கொடி அது.

1. முதலில் இடத்தைப் பகலிலும் இரவிலும் பாருங்கள்

பகலில் பார்க்க வேண்டியது வெயில். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். சுற்றிலும் புளோக்குகள் நிற்கிற இடங்களில் காலை 10 மணிக்குத் தெரிகிற வெயிலை நம்பி முடிவெடுக்காதீர்கள். பிற்பகல் 3 மணிக்கு அதே பாத்தி முழு நிழலில் கிடக்கலாம். மூன்று வேளை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரவில் பார்க்க வேண்டியது விளக்கு. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. சிறகவரை குறும்பகல் பயிர்: இருட்டு போதிய அளவு நீளமாக இருந்தால்தான் மொட்டு விடும். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் பத்து நிமிட வித்தியாசம்கூடக் கிடையாது. அதாவது, இந்தக் கொடிக்கு வேண்டிய இருட்டு இங்கே விளிம்பில்தான் கிடைக்கிறது. அதற்கு மேல் நடைபாதை விளக்கோ கார் நிறுத்துமிட விளக்கோ இரவு முழுவதும் இலைமேல் விழுந்தால், கொடிக்கு இருட்டிய கணக்கே ஆகாது. இரவு 9 மணிக்குப் பாத்தி அருகே நின்று பாருங்கள். உங்கள் கையின் நிழல் மண்ணில் தெளிவாக விழுந்தால், அந்த இடத்தில் கீரை போடுங்கள், சிறகவரைக்கு வேறு பாத்தி தேடுங்கள்.

அடுத்து அண்டைப் பாத்தி. தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திகள் சுமார் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம்தான். உங்கள் பந்தலின் நிழல் பக்கத்துப் பாத்தியின் கத்தரிக்காய்மேல் விழுந்தால் மனத்தாங்கல் வரும். பந்தலை முடிந்தவரை வடக்குத் தெற்காக நிறுத்துங்கள். காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் வெயில் வாங்கும், நிழலும் ஒரே இடத்தில் நாள் முழுக்கத் தங்காது. பந்தல் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று தோட்டப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கட்டி முடித்த பிறகு பிரிப்பது வீண் வேலை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் வளர்ப்பவர்களுக்கு: நடக்கும் வழி 1.2 மீட்டர் அகலத்துக்கு எப்போதும் காலியாக இருக்க வேண்டும். தடுப்புச் சுவர்மேல் தொட்டி வைக்கக் கூடாது. உண்மையில் தாழ்வார விளக்கு விடிய விடிய எரிவதால் அங்கே நான் சிறகவரையைப் பரிந்துரைப்பதே இல்லை.

2. விதையை எங்கிருந்து வாங்குவது

ஈரச்சந்தையில் வாங்கிய பச்சைக் காயைப் பிளந்து விதை எடுத்து நடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. சமையலுக்கு வரும் காய் பிஞ்சு. அதனுள் இருக்கும் விதை முற்றாதது, முளைக்காது. கொடியிலேயே காய்ந்து பழுப்பான நெற்றிலிருந்து எடுத்த விதைதான் வேண்டும். உருண்டையாக, வழுவழுப்பாக, நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்குக் கெட்டியாக இருக்கும்.

இங்கே ஏற்கெனவே காய்த்த கொடியின் விதையே முதல் தேர்வு. சமூகத் தோட்டத்தில் மலாய் மக்கள் வளர்க்கும் பாத்தியைத் தேடிப் பாருங்கள். கச்சாங் போத்தோல் என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள், பெரும்பாலும் ஒரு கைப்பிடி நெற்றும் தருவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் விதையில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே பல ரகங்கள் பகல் குறுகும் பனிக்காலத்தில் பூப்பவை. அந்தக் குறுகிய பகல் சிங்கப்பூருக்கு வருவதே இல்லை. அப்படிப்பட்ட ரகம் இங்கே இலையும் கொடியுமாகவே காலத்தைக் கடத்தும். அதற்கு மேல், பயணப் பெட்டியில் விதை கொண்டுவருவதற்கு விதிமுறைகள் இருக்கின்றன. தேசியப் பூங்காக் கழகத்தின் விதிகளைப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும்.

2.5 மீட்டர் பாத்திக்கு நான்கு செடி போதும். எட்டு விதை எடுத்து வையுங்கள். “சின்னச் செடிதானே” என்று இருபது விதை போட்டால், இரண்டாம் மாதத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, காற்றுப் புகாமல் உள்ளே இலை பழுத்து, நோய் அங்கிருந்து தொடங்கும்.

3. எப்போது தொடங்குவது

எந்த மாதமும் வளரும் என்பது உண்மைதான். ஆனால் நவம்பர், டிசம்பர் மாதங்களில் விதைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் பாத்தி நாள்கணக்கில் சொதசொதவென்று இருக்கும், கீறிய விதை அழுகிவிடும். ஜனவரி இறுதியில் மழை ஓய்ந்ததும் தொடங்குவது நல்லது. பிப்ரவரி பொதுவாக வறண்ட மாதம், தண்ணீரை நாம் கட்டுப்படுத்தலாம். ஏப்ரலில் பூ பார்த்துவிடலாம்.

4. மண்: விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்

ஒரு முழம் ஆழத்துக்காவது மண்ணைக் கிளறி இளக்குங்கள். இந்தக் கொடியின் வேர் பருத்து ஆழமாகப் போகும். தண்ணீர் தேங்குவது அதற்கு ஆகவே ஆகாது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகும் மேலே நின்றால், மேட்டுப்பாத்தி போட்டு, கரடுமுரடான மணலும் மட்கிய உரமும் சேர்த்தாக வேண்டும்.

உரம் என்று பார்த்தால் நன்றாக மட்கிய இலை உரம் இரண்டு வாளி, வேப்பம் புண்ணாக்கு இரண்டு கைப்பிடி. அவ்வளவுதான். வேப்பம் புண்ணாக்கு, வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவின் தொல்லையைக் குறைக்கும். அதை விதைக்கும் நாளில் போடாமல் இரண்டு வாரம் முன்பே போடுவதற்குக் காரணம், புதிதாகப் போட்ட புண்ணாக்கு மட்கும்போது சூடு கிளம்பி முளையைக் கருக்கிவிடும்.

கோழி எரு உருண்டைகளைக் கையில் எடுக்காதீர்கள். கடையில் மலிவாகக் கிடைக்கிறது, பக்கத்துப் பாத்திக்காரர் கங்குங் கீரைக்குப் போட்டு அருமையாக வந்திருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் அவரைக் குடும்பத்துச் செடி தனக்கு வேண்டிய தழைச்சத்தை (நைட்ரஜனை) வேர் முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளின் துணையோடு காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மண்ணிலேயே தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் முடிச்சு உண்டாகாது. கொடி இலையாகப் பெருகும், பூ தள்ளிப்போகும்.

அந்த நுண்ணுயிரி உங்கள் மண்ணில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பையில் வாங்கிய புது மண்ணாக இருந்தால் அநேகமாக இருக்காது. பயத்தங்காயோ சிறகவரையோ நன்றாகக் காய்த்த ஒரு பாத்தியின் சொந்தக்காரரிடம் கேட்டு, செடியின் வேரடி மண் இரண்டு கைப்பிடி வாங்கி, விதைக்கும் குழிகளில் கலந்துவிடுங்கள். தட்டைப்பயற்றின் வேரில் குடியேறும் அதே வகை நுண்ணுயிரி இதற்கும் பொருந்தும். மண் வாங்குவதற்கு முன், அந்தச் செடி ஆரோக்கியமாக இருந்ததா என்று பார்த்துவிடுங்கள். நோய்ப்பட்ட பாத்தியின் மண்ணை எடுத்தால் நூற்புழுவும் கூடவே வந்து சேரும்.

5. பந்தல்: விதைக்கு முன், கட்டாயமாக

“கொடி வந்ததும் கொம்பு நட்டுக்கொள்ளலாம்” என்று விட்டவர்களின் கொடி, ஐந்தாவது வாரத்தில் தரையில் பின்னிக் கிடக்கும். அப்போது கொம்பை இறக்கினால் வேர் அறுபடும். அதனால் பந்தல் முதலில், விதை பிறகு.

உயரம் 1.8 மீட்டர் போதும். அதற்கு மேல் போனால் பறிக்க ஏணி வேண்டும். இரு முனைகளிலும் நடுவிலும் கம்பங்களை ஆழமாக ஊன்றி, 15 சென்டிமீட்டர் கண்ணுள்ள வலையைக் கட்டுங்கள். குறுக்குச் சட்டம் ஒன்றைச் சாய்வாகக் கட்டுவது அவசியம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் மேற்கிலிருந்து அடிக்கும் சுமத்ராக் காற்று, இலை நிறைந்த பந்தலைப் பாய்போல் தள்ளும். நேர்க்கம்பங்களை மட்டும் நம்பிய பந்தல் ஒரே விடியலில் படுத்துவிடும். கொடியைத் திரும்ப நிமிர்த்தினாலும் தண்டு முறிந்த பகுதியில் பூ உதிரும்.

மூங்கில் வைத்தால் இன்னொரு கவனம். மூங்கிலின் மேல்முனையை இரண்டு கணுக்களுக்கு நடுவே அறுத்தால், அடுத்த கணு வரைக்கும் உள்ளே ஒரு குழாய். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். கணுவை ஒட்டி அறுங்கள், மிச்சமிருக்கும் குழியை ஈர மணலால் மேல்விளிம்பு வரை அடைத்துவிடுங்கள். தலைக்கு மேலே இருப்பதால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் மட்டும் பார்ப்பார்கள். தண்ணீர் வாளி, பூவாளி, தொட்டித் தட்டு எல்லாவற்றையும் வேலை முடிந்ததும் கவிழ்த்து வைக்கும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள்.

6. விதையைக் கீறுவது, ஊறவைப்பது, விதைப்பது

இந்த விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. அப்படியே நட்டால் சில விதை ஒரு வாரத்தில் முளைக்கும், சில ஒரு மாதம் கழித்து முளைக்கும், சில முளைக்கவே முளைக்காது. எல்லாம் ஒன்றாக எழும்ப வேண்டுமென்றால் தோலைத் திறந்துவிட வேண்டும்.

விதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். ஒரு பக்கத்தில் நெற்றோடு ஒட்டியிருந்த சிறிய தழும்பு தெரியும். அதற்கு அருகில்தான் முளை இருக்கிறது, அந்தப் பக்கம் போகாதீர்கள். நேர் எதிர்ப்பக்கத்தில் நகவெட்டியின் நுனியால் தோலை மட்டும் ஒரு கடுகளவு கிள்ளி எடுங்கள். உள்ளே வெளிறிய பருப்பு கண்ணில் பட்டதும் நிறுத்திவிடுங்கள். பருப்பையும் வெட்டிவிட்டால் மண்ணில் அந்த வழியாகப் பூஞ்சை நுழையும்.

கீறிய விதைகளைச் சாதாரணத் தண்ணீரில் இரவு முழுவதும் போட்டு வையுங்கள். காலையில் ஊறிய விதை ஏறக்குறைய இரண்டு மடங்கு பருத்து, தோல் தளர்ந்திருக்கும். ஊறாதது பழையபடி கல்லாகவே கிடக்கும். அதை எறிய வேண்டாம், இன்னொரு முறை கீறி மறுபடி ஊறவையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் விடாதீர்கள், மூச்சுமுட்டிப் புளித்துவிடும்.

ஊறிய விதையை 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில், 60 சென்டிமீட்டர் இடைவெளியில், குழிக்கு இரண்டாக நடுங்கள். நேரடியாகப் பாத்தியில் போடுவதே நல்லது, வேரைத் தொந்தரவு செய்தால் இந்தச் செடிக்குப் பிடிக்காது. நத்தையும் எலியும் அதிகமான தோட்டமாக இருந்தால் சிறு தொட்டியில் முளைக்க வைத்து, இரண்டு இலை நன்றாக விரிந்ததும் மண்கட்டி உடையாமல் அப்படியே மாற்றுங்கள். ஐந்து முதல் பத்து நாளில் முளை தெரியும். இரண்டும் முளைத்தால் மெலிந்ததைக் கத்தரியால் தரைமட்டத்தில் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

7. முதல் ஐந்து வாரம்: பொறுத்திருங்கள்

முளைத்த பிறகு சிறகவரை ஒரு மாதம் அப்படியே நின்றுவிட்டதுபோல் தெரியும். நான்கைந்து இலை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் அது வேரைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறது. “வளரவே இல்லை” என்று பயந்து உரம் போடுவது இந்தக் கட்டத்தில்தான். வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது களை எடுப்பது, நத்தை பொறுக்குவது, இரண்டும்தான். இளஞ்செடியை ஆப்பிரிக்கப் பெருநத்தை ஒரே இரவில் தண்டோடு தின்றுவிடும். இருட்டிய பிறகு விளக்கோடு போய்ப் பொறுக்குங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்த நத்தை மனிதருக்கு நோய் தரும் ஒட்டுண்ணியைச் சுமக்கக்கூடியது.

இலை மஞ்சளாகி, தண்டின் அடி வீங்கி வெடித்திருந்தால் அது அவரை ஈயின் புழு. தண்டைச் சுற்றி மண் அணைத்துவிட்டால் சில செடி மேற்புறம் புது வேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும். பிழைக்காததை எடுத்துக் குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

8. வேர் முடிச்சைச் சோதிப்பது

நான்காவது அல்லது ஐந்தாவது வாரத்தில் இதைச் செய்யுங்கள். இதற்காகவே மூலையில் ஒரு செடி கூடுதலாக வைத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு செடியின் ஓரத்தில் விரலால் மண்ணை மெல்ல விலக்கினால் போதும்.

வெள்ளை வேரில் மிளகளவு உருண்டைகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளி எடுத்து இரண்டாக வெட்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இறைச்சி மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் செய்யவில்லை. இளஞ்சிவப்பைப் பார்த்துவிட்டால் இனி இந்தப் பாத்திக்குத் தழைச்சத்து உரம் தேவையே இல்லை.

உருண்டை நகத்தோடு தனியாகக் கழன்று வராமல், வேரே அங்கங்கே பருத்து முண்டுமுண்டாகத் தெரிந்தால் அது வேறு விஷயம், நூற்புழு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, நூற்புழு பிடித்த வேரைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் உண்டு. கழன்று வந்தால் நல்லது, வேரோடு ஒன்றாக இருந்தால் கெட்டது என்று நினைவில் வையுங்கள்.

முடிச்சே இல்லையென்றால், நல்ல பாத்தியின் வேரடி மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மாலையில் செடியடியில் ஊற்றுங்கள். இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

9. தண்ணீர், மூடாக்கு, உரம்

காலையில் வேரடியில் ஊற்றுங்கள், இலைமேல் தெளிக்க வேண்டாம். விரலை முதல் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். பூவும் பிஞ்சும் இருக்கும் காலத்தில் மட்டும் மண் காயவே கூடாது. ஒரு நாள் காய்ந்தாலும் மொட்டு உதிரும்.

மூடாக்குக்கு, அதாவது ஈரம் காயாமல் மண்மேல் பரப்புவதற்கு, தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைக்கு நிகர் எதுவும் இல்லை. சீக்கிரம் மட்கும், காற்றில் பறக்காது. உங்கள் தோட்டத்துக்குள் விழுவதை மட்டும் கூட்டி எடுங்கள். பூங்காவில் கிடக்கும் இலையை அனுமதி இல்லாமல் அள்ளிக்கொண்டு வரக் கூடாது.

மொட்டு தெரிந்ததும் சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) உள்ள உரம் ஒரு கைப்பிடி, செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி. பிறகு மாதம் ஒருமுறை. வேறெதுவும் வேண்டாம்.

10. நுனி கிள்ளுவதும் பூவும்

கொடி பந்தலின் உச்சியைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். விட்டால் உச்சியிலேயே குடைபோல் விரிந்து, கீழே எல்லாம் இருட்டாகிவிடும். கிள்ளினால் இலைக்கணுக்களில் பக்கக் கிளை வரும், பூங்கொத்து அந்தக் கிளைகளில்தான். கிள்ளிய தளிர் அன்றைய சமையலுக்கு.

பூ வெளிர்நீலம். பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும் என்றாலும், கறுப்பாகப் பெரிதாக வரும் தச்சுத் தேனீ பூவில் உட்கார்ந்து அழுத்தும்போது காய் கூடுதலாகப் பிடிக்கும். ஆகவே பூ விரிந்திருக்கும் காலை நேரத்தில் வேப்பெண்ணெய் உள்பட எதையும் தெளிக்காதீர்கள். தச்சுத் தேனீயைக் கண்டு பயந்து விரட்டுபவர்களிடம் சொல்லுங்கள், அது உங்கள் வேலையாள், தொந்தரவு செய்யாதவரை கொட்டாது.

11. பூ வரவில்லை என்றால்

உள்ளூர் விதையாக இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மொட்டு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

இலை கரும்பச்சையாகத் தழைத்து, உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தால் தழைச்சத்து அதிகம். உரத்தை நிறுத்துங்கள். பக்கத்திலேயே தண்டுக்கீரை விதையுங்கள், அது மண்ணிலிருக்கும் மிகுதியை உறிஞ்சும்.

இலை சாதாரணமாக இருந்து, கணுக்களுக்கு இடையே தண்டு நீண்டு மெலிந்திருந்தால் வெயில் போதவில்லை.

இரண்டும் சரியென்றால் விளக்கைப் பாருங்கள். ஒரே பந்தலில் விளக்குக்கு மறுபக்கம் இருக்கும் பகுதி மட்டும் பூத்திருந்தால் சந்தேகமே இல்லை. விளக்கை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. அடுத்த பயிரை இடம் மாற்றிப் போடுங்கள். விளக்கும் இல்லை என்றால் ரகம்தான் பொருந்தவில்லை. அந்தக் கொடியைத் தளிருக்காக வைத்துக்கொண்டு, புது விதை தேடுங்கள்.

12. பூச்சியும் நோயும்

அசுவினி முதலில் வரும், தளிர் நுனியில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். எறும்பு வரிசையாக ஏறினால் அசுவினி இருக்கிறது என்று பொருள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பாதி போய்விடும். மிச்சத்துக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புத் திரவமும் கலந்து, மாலையில் தெளியுங்கள்.

காய்த்துளைப்பான் புழு பூவிலேயே நுழைந்துவிடும். பூக்கள் நூலால் ஒட்டினாற்போல் வாடியிருந்தால் பிரித்துப் பாருங்கள், உள்ளே புழுவும் எச்சமும் இருக்கும். பூங்கொத்தோடு கிள்ளி எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். காயில் துளை வந்த பிறகு தெளித்துப் பயனில்லை, புழு உள்ளே பத்திரமாக இருக்கும்.

இலையிலும் தண்டிலும் ஆரஞ்சு நிறத்தில் கொப்புளம்போல் எழும்பி, இலையும் காயும் சுருண்டால் அது போலித் துரு நோய். ஈரத்தில் பரவும். பாதித்த பகுதியை வெயில் ஏறி இலை காய்ந்த பிறகு வெட்டுங்கள். ஈர இலையைத் தொட்டுவிட்டு அடுத்த செடியைத் தொட்டால் நீங்களே பரப்பிவிடுவீர்கள். கத்தரியையும் துடைத்துக்கொள்ளுங்கள்.

13. பறிப்பது

பூத்த இரண்டு வாரத்துக்குள், காய் 15 முதல் 20 சென்டிமீட்டர் இருக்கும்போது பறியுங்கள். நீளத்தை விட நல்ல சோதனை, காயின் நுனியை வளைப்பது. பட்டென்று ஒடிந்தால் இளசு. வளைந்து நார் தெரிந்தால் நேரம் தாண்டிவிட்டது. இரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்தே ஆக வேண்டும். சில காய் முற்றத் தொடங்கினால் கொடி விதை செய்வதில் இறங்கிவிடும், புதுப் பூ குறையும். வாரக்கடைசியில் மட்டும் வருபவர்கள், நடுவில் ஒரு நாள் பறிக்கப் பக்கத்துப் பாத்திக்காரரிடம் சொல்லி வையுங்கள். காயை அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

இளங்காயைச் சாய்வாக நறுக்கித் தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல் செய்தால், மூடாமல் ஐந்து நிமிடம் போதும். நேரம் கூடினால் சிறகுகள் குழைந்துவிடும். சம்பலோடு பச்சையாகவும் சாப்பிடலாம்.

14. முற்றிய விதை: சமைப்பதற்கும் விதைப்பதற்கும்

விதைக்கென்று ஒரு செடியை முழுவதாக ஒதுக்குங்கள். எல்லாச் செடியிலும் இரண்டிரண்டு காயை முற்ற விட்டால், முன்பு சொன்னதுபோல் எல்லாமே சோர்ந்துவிடும். அதிகம் காய்த்த, நோய் வராத செடியாகப் பார்த்துச் சிவப்புக் கயிறு கட்டுங்கள். நெற்று பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே சலசலக்கும்போது எடுங்கள். மழை தொடர்ந்தால் அதுவரை காத்திருக்காமல், பழுப்பு பரவத் தொடங்கியதும் பறித்து, வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உலர்த்துங்கள். ஈர நெற்றுக்குள் விதை பூஞ்சை பிடிக்கும் அல்லது முளைத்துவிடும். உலர்ந்த விதையைக் காற்றுப் புகாத புட்டியில் போட்டு, தேதி எழுதி, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

சமைப்பதென்றால் ஒரு விஷயத்தில் சமரசம் கிடையாது. முற்றிய விதையைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சாப்பிடக் கூடாது. செரிமானத்தைத் தடுக்கும், வயிற்றைக் கெடுக்கும் பொருள்கள் அதில் உண்டு, நன்றாக வெந்தால்தான் அவை செயலிழக்கும். இரவு முழுவதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தோலை உரித்து, புதுத் தண்ணீரில் குக்கரில் விரலால் நசுங்கும்வரை வேகவையுங்கள். அப்புறம் சுண்டலோ குழம்போ உங்கள் விருப்பம். வறுத்துக் கொறிக்கலாம் என்று நேரே வாணலியில் போடாதீர்கள், வெளியே கருகினாலும் உள்ளே வேகாது.

15. கொடி ஓய்ந்த பிறகு

சில மாதம் காய்த்தபின் இலை மஞ்சளாகிப் பூ குறையும். கொடியைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை, இது பல்லாண்டுக் கொடி. வேர் ஆரோக்கியமாக இருந்தால் தரைக்கு மேல் ஒரு முழம் விட்டு வெட்டி, வலையில் சிக்கிய பழைய கொடியை அகற்றி, ஒரு வாளி மட்கிய உரம் போடுங்கள். மீண்டும் துளிர்க்கும். இரண்டாம் முறை முதல் மாதத்துக் காத்திருப்பு இருக்காது, வேர் ஏற்கெனவே தயார்.

பாத்தியை வேறு பயிருக்கு மாற்றுவதென்றால் தண்டைத் தரைமட்டத்தில் வெட்டி, வேரை மண்ணிலேயே விடுங்கள். முடிச்சுகளில் சேர்ந்திருக்கும் தழைச்சத்து, வேர் மட்கும்போது மண்ணுக்குத் திரும்பும். அடுத்ததாகத் தண்டுக்கீரையோ கங்குங்கோ போட்டால் உரமே கேட்காது. வேரில் நூற்புழு முண்டுகளைப் பார்த்திருந்தால் மட்டும் வேரோடு தோண்டி அகற்றிவிடுங்கள். அந்த இடத்தில் கத்தரி, வெண்டை, தக்காளி மூன்றையும் சில மாதம் தவிர்த்து, செண்டுமல்லி நட்டு வையுங்கள்.